கிதார் தலையில் ஒரு குறிஞ்சிப் பூ: மலையில் உட்கார்ந்து சிப்பி பதிப்பது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிப்பி பதிக்கிற வேலையில் எல்லோரும் பயப்படுவது சிப்பியை வெட்டுவதற்குத்தான், ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை. மரத்தில் தோண்டுகிற குழியில் கெடும், அதைவிட அந்தக் குழியை எந்த மாதத்தில் தோண்டினோம் என்பதில் கெடும். நான் கொடைக்கானலில், நாயுடுபுரம் பக்கம், வீட்டுப் பின்கட்டில் ஒரு மேஜை போட்டு கிதார், மாண்டலின் ரிப்பேர் பார்க்கிறவன். இந்த இரண்டாவது விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஃப்ரெட்போர்டு (கிதார் கழுத்தின் மேல் விரல் வைக்கிற பலகை) செலவானது. உங்களுக்கு அது மிச்சமாகட்டும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கிதார் தலையில், அதாவது ஹெட்ஸ்டாக்கில், ஒரே ஒரு குறிஞ்சிப் பூ. ஐந்து இதழ், ஒரு காம்பு, ஒரு இலை. நிஜக் குறிஞ்சி 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான் பூக்கும், அதற்குள் ஒன்றைப் பதித்து முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

சரி, சிப்பி. ஆங்கிலத்தில் இதை 'முத்தின் தாய்' என்பார்கள். முத்தும் சிப்பியின் உள்பக்கத்துப் பளபளப்பும் ஒரே பொருள்தான், சுண்ணாம்புச் சத்தின் ஒரு படிக வகை. அரை மைக்ரான் கனமுள்ள தகடுகளாக, நடுநடுவே புரதப் பசை பூசி, செங்கல் அடுக்கியது போல சிப்பிக்குள் இருக்கும் உயிர் கட்டி வைத்திருக்கிறது. அந்தத் தகட்டின் கனம் வெளிச்சத்தின் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருப்பதால்தான் சாய்த்துப் பார்க்கும்போது நிறம் ஓடுகிறது. இதில் சாயம் எதுவும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தேய்க்கத் தேய்க்க அடுக்கு மாறும், அடுக்கு மாறினால் நிறமும் மாறும். குறிப்பாக நீலப்பச்சை அபலோனில் (ஒரு கடல்நத்தையின் ஓடு), "இன்னும் கொஞ்சம் மெலிதாக்குவோம்" என்று முன்பக்கத்தைத் தேய்த்து, கிடைத்த நீலத்தைக் காணாமல் அடித்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் அதிகம். மெலிதாக்க வேண்டுமென்றால் பின்பக்கத்தைத் தேயுங்கள், நாலு இழுப்புக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். தூத்துக்குடிக்கே முத்துநகர் என்று பெயர், பக்கத்தில் கொற்கை, நமக்கு இதில் குறைச்சலே இருக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. அது மட்டுமல்ல, நம் கடலின் முத்துச்சிப்பி சின்னது, ஓடும் மெலிது. ஓர ஓரமாக வைக்கிற சின்னப் புள்ளிகளுக்கு ஆகும், பெரிய துண்டு கிடைக்காது. கிதார் வேலைக்கு வருகிற வெள்ளைச் சிப்பியும் பொன்னிறச் சிப்பியும் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பெரிய வகை. அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் வளரும். நீலம் வேண்டுமென்றால் அபலோன், அதிலும் நியூசிலாந்தின் பாவா. எல்லாமே தேய்த்துத் தட்டையாக்கிய தகடுகளாக ஆன்லைனில் கிடைக்கின்றன. ஹெட்ஸ்டாக்குக்கு 1.2 முதல் 1.3 மில்லிமீட்டர் கனம் போதும், ஃப்ரெட்போர்டுக்கு 1.5 வாங்குங்கள். காரணம் பின்னால்.

ராமேஸ்வரம் கடைத்தெருவில் சிப்பி மாலை, சிப்பி விளக்கு விற்பார்களே, அதில் ஜன்னல் கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற மெல்லிய வகை ஒன்று இருக்கும். அது வேண்டாம், அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். நாட்டிலஸ் ஓடு, பெரிய டர்போ ஓடு யாராவது ரகசியமாக நீட்டினால் தொடவே தொடாதீர்கள், அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. ஏற்கெனவே நம் தொழிலில் யானைத் தந்தம் இருந்து, 1986-ல் அந்த வியாபாரமே தடையாகி, வீணை ஓரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் வந்து சேர்ந்த கதை தெரியும்தானே.

அசலா போலியா என்று பார்க்க ஒரு வழி: வீணாகப் போகிற துண்டின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசல் சிப்பி என்றால் பொடிப்பொடியாக நுரை வரும், பிளாஸ்டிக் சும்மா கிடக்கும். பல்லில் லேசாகத் தட்டினாலும் தெரியும், சிப்பி 'டிக்' என்று கல் போலக் கேட்கும். பெயர் பெற்ற எலெக்ட்ரிக் கிதார்களிலேயே நிறைய இடத்தில் மினுக்குவது செல்லுலாய்டுதான். அமெரிக்க கிதார்க்காரர்கள் 'முத்தின் தாய்' என்பதைத் திருப்பி, அதற்கு 'கக்கூஸ் சீட்டின் தாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து டாய்லெட் சீட்டும் அதே மினுக்குப் பிளாஸ்டிக்கில் வந்ததாம். இந்த எலுமிச்சைச் சோதனையிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது: புளி, வினிகர், எலுமிச்சை எதுவும் பதித்த கருவியின் பக்கம் வரக்கூடாது. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற கையோடு கிதாரையும் துடைத்தால் ஒரே நாளில் பளபளப்பு செத்து சாக்பீஸ் மாதிரி ஆகிவிடும்.

இப்போது முகமூடி. இதில் நான் விளையாட்டுக்கு இடமே கொடுப்பதில்லை. சிப்பித் தூசி நுரையீரலுக்கு ஆகாது. 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் சிப்பி கடைந்த இளம் தொழிலாளர்களுக்கு எலும்பு வீங்குகிற நோயே வந்து, மருத்துவர்கள் அதைத் தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். என்95 முகமூடி போடுங்கள், தேய்ப்பதைத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், வெட்டி முடித்ததும் மேஜையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அறுக்கும்போது முடி கருகுகிற வாசனை வரும், அந்தப் புரதப் பசைதான் அது, பயப்பட வேண்டாம். ஆனால் வாசனை வருகிறதென்றால் தூசியும் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

வெட்டுவதற்கு நகை ஆசாரிகள் வைத்திருக்கும் சின்ன வில் ரம்பம் வேண்டும். பிளேடு 3/0 அல்லது 4/0, ஒன்று இரண்டு வாங்கினால் கதைக்காகாது, டஜன் கணக்கில் வாங்குங்கள். முதல் நாளில் எனக்கு 11 பிளேடு உடைந்தது. பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், பிளேடை நரம்பு மாதிரி இறுக்கிக் கட்ட வேண்டும், விரலால் சுண்டினால் 'டிங்' என்று கேட்கணும். மேஜை ஓரத்தில் ஒரு பலகையை நீட்டி வைத்து, அதன் நுனியில் 'வி' வடிவில் வெட்டி, அந்தப் பிளவின் மேல் சிப்பியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும். படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, ஒவ்வொரு இதழையும் தனியாக வெட்டி, சிப்பி மேல் ஃபெவிகால் தடவி ஒட்டிக் காயவிடுங்கள். தாளைத் திருப்பித் திருப்பி வைத்து எந்த இடத்தில் நிறம் இதழின் நுனியை நோக்கி ஓடுகிறது என்று பார்த்து ஒட்டுவதில்தான் பூவின் அழகு இருக்கிறது. ஐந்து இதழையும் ஒரே திசையில் ஒட்டினால் பூ தட்டையாகத் தெரியும். நடுவிலிருந்து வெளியே விரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றி வைத்தால் கிதாரை ஆட்டும்போது ஒரு இதழ் மினுங்கி அடுத்தது அணையும்.

அறுக்கும்போது ரம்பத்தைத் திருப்பாதீர்கள், சிப்பியைத் திருப்புங்கள். ரம்பம் மேலும் கீழும் மட்டும்தான் போகணும், செங்குத்தாக, கிணற்றுக் கயிறு மாதிரி. முன்னால் தள்ளவே வேண்டாம், அதன் எடையே போதும். கூரான மூலை வந்தால் அதே இடத்தில் நின்று ரம்பத்தை ஓட்டிக்கொண்டே சிப்பியை மெல்லச் சுழற்றுங்கள், பிளேடு தனக்கு இடம் பண்ணிக்கொண்டு திரும்பும். கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே அறுத்து, மிச்சத்தைப் பொடி அரத்தால் ராவுங்கள். ராவும்போது ஓரத்தைக் கொஞ்சம் உள்வாட்டமாக, அடிப்பக்கம் ஒரு பொட்டு சிறிதாக இருக்கும்படி விட்டால் குழிக்குள் சுலபமாக இறங்கும், மேலே இடைவெளியும் தெரியாது.

இதழ் உடைந்தால்? உடையும். நேராக விரிசல் விட்டிருந்தால் இரண்டு துண்டையும் சேர்த்தே பதியுங்கள், இதழ் நரம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். என் முதல் பூவில் இரண்டு 'நரம்பு' இருக்கிறது, வாங்கிக்கொண்டு போனவருக்கு இன்றுவரை தெரியாது.

இனி மரம். சிப்பி அசையாது, மரம் அசையும், எல்லா வம்பும் இதில்தான் தொடங்குகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், துவைத்த துணி நாலு நாள் காயாது. அந்த நாளில் ஈட்டியோ கருங்காலியோ ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பியிருக்கும். அப்போது குழி தோண்டிச் சிப்பியை இறுக்கமாக வைத்து ஒட்டினால் பார்க்க அற்புதமாகத்தான் இருக்கும். அதே கிதார் ஏப்ரலில் வத்தலக்குண்டு இறங்கி மதுரைக்குப் போனதும் மரம் காய்ந்து சுருங்கும், சிப்பி சுருங்காது. ஒன்று சிப்பி ஓரமாகத் தூக்கிக்கொள்ளும், இல்லையென்றால் மரத்தில் ரேகை ரேகையாக விரிசல் விடும். என் இரண்டு ஃப்ரெட்போர்டும் இப்படித்தான் போயின. இரண்டுமே நவம்பர் வேலை. மரம் சுருங்குவதை நம்பாதவர்கள் இங்கிருந்து கீழே போன எந்தக் கிதாரையும் எடுத்து நெக் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், ஃப்ரெட் முனைகள், அதாவது பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் முனைகள், கையில் குத்தும். கம்பி வளரவில்லை, மரம்தான் உள்ளே போயிருக்கிறது.

அதனால் நான் குழி தோண்டுவதை பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்கிறேன். வெட்டுவது, ராவுவது எல்லாம் மழைக்காலத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு செய்யலாம், சிப்பிக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. அவசரம் என்றால் மரத்தை இரண்டு மூன்று வாரம் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைத்து, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு தோண்டுங்கள். இந்த எடை பார்க்கிற வேலை சலிப்பாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

மரம் எது என்பதில் நிறைய யோசிக்க வேண்டாம். கருங்காலி கறுப்பாக, நெருக்கமாக இருப்பதால் தப்பை மறைக்கும் (மாலையாகக் கோத்து விற்கிறார்களே, அந்தக் கருங்காலிக் கதை வேறு). ஈட்டியும் நன்றாகவே இருக்கும். முதல் பழக்கத்துக்கு நம் எஸ்டேட்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் துண்டு ஒன்றே போதும், அதில் மூன்று இதழாவது பதித்துவிட்டு நல்ல மரத்துக்கு வாருங்கள். பாலிஷ் போட்டு முடித்த கிதாரின் தலையில் நேரடியாகத் தோண்டாதீர்கள். 2 மில்லிமீட்டர் கருங்காலித் தகட்டில் பூவைப் பதித்து, தகட்டைத் தலையில் ஒட்டுவது மேல். தப்பு நடந்தால் தகட்டோடு போகும்.

ஐந்து இதழையும் தகட்டின் மேல் அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பொட்டு ரப்பர் பசையால் தற்காலிகமாக ஒட்டுங்கள். கூரான ஊசியால் ஓரத்தை ஒட்டியே மூன்று நான்கு முறை கீறுங்கள், முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. அப்புறம் பிளேடால் இதழை நெம்பி எடுத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு மரத்தில் கறுப்புக் கீறல், ஒன்றும் தெரியாது. இங்கே நான் செய்வது, அலமாரியில் இருக்கும் பழனி விபூதியை விரலில் தொட்டுத் தேய்ப்பது. கோடு வெள்ளையாக எழுந்து நிற்கும். சாக்பீஸ் பொடியும் வேலை செய்யும், ஆனால் விபூதி இன்னும் நைஸ், அதோடு இந்தக் கட்டத்தில் முருகன் துணை தேவைப்படும்.

கையடக்கச் சுழல் மெஷினில், ஆழத்தைப் பூட்டி வைக்கிற அடித்தட்டோடு, 1.6 மில்லிமீட்டர் பிட்டால் நடுவைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு 0.8 பிட்டால் கோட்டை நோக்கி வாருங்கள். கோட்டைத் தொடலாம், தாண்டக்கூடாது. ஆழம், சிப்பியின் கனத்தைவிட ஒரு தாள் கனம் குறைவாக இருக்க வேண்டும், சிப்பி மரத்துக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கணும். குழிக்குள் தங்கிவிட்டால் மரம் முழுவதையும் இறக்க வேண்டிவரும். இதழை வைத்துப் பாருங்கள், இறங்காத இடத்தில் உளி நுனியால் சுரண்டுங்கள், திரும்ப வைத்துப் பாருங்கள். அடித்து இறக்காதீர்கள். சுத்தியல் இந்த மேஜையிலேயே இருக்கக்கூடாது.

ஃப்ரெட்போர்டுக்கு 1.5 என்று சொன்னேனே, காரணம் இதுதான். அதன் மேல்பரப்பு வளைவு. 12 அங்குல ஆர வளைவு என்று வைத்துக்கொண்டால், 6 மில்லிமீட்டர் வட்டப் புள்ளிக்கு அது ஒன்றுமே இல்லை, தேய்வது மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. ஆனால் 40 மில்லிமீட்டர் அகலக் கட்டம் பதித்தால் ஓரங்களில் 0.65 மில்லிமீட்டர் போய்விடும். 1 மில்லிமீட்டர் சிப்பி வைத்திருந்தால் ஓரத்தில் மிஞ்சுவது ஒரு ஏடு, அது என்றைக்கு வேண்டுமானாலும் உரியும். புள்ளி மட்டும் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 3, 5, 7, 9 ஃப்ரெட் இடைவெளிகளில் ஒவ்வொன்று, 12-ல் இரண்டு, நடுவில் முனை உள்ள மரத் துளைப்பான், சூப்பர் க்ளூ, முடிந்தது.

பூவுக்கு எபாக்ஸி. அரால்டைட் இரண்டு டியூபும் சமமாக, ஐந்து நிமிட வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகை. அதில் அதே மரத்தின் தூளை, 400 உப்புத்தாளில் தேய்த்த மாவு மாதிரியான தூளை, கலந்து குழைத்தால் இடைவெளி எல்லாம் மரமாகவே தெரியும். ஈட்டித் தூள் பசையில் கலந்ததும் நாம் நினைத்ததைவிட இருட்டாகும், அது நல்லதுதான். இங்கே குளிரில் பசை தேன் மெழுகு மாதிரி கெட்டியாக நிற்கும், குமிழி வெளியே வராது. டியூபைப் பாலிதீன் கவரில் போட்டு வெந்நீர் டம்ளரில் ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் சரியாகும். குழி வழிய வழியப் பசை, மெல்ல அழுத்தி இதழ், மேலே பாலிதீன், அதன் மேல் சமமான கட்டை, கிளாம்ப். கவரில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் கொடைக்கானல் குளிரில் நான் இரண்டு முழு நாள் விடுகிறேன். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா, இன்னும் ஒரு நாள்.

சமப்படுத்துவதில் ஒரே விதி: விரலால் தேய்க்காதீர்கள், கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். சிப்பி கடினம், மரம் மெது. விரல் போகிற இடத்தில் மரம் மட்டும் குழிந்து பூ புடைத்துக்கொண்டு நிற்கும், வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரியும். 120-ல் ஆரம்பித்து 240, 400, 600, 1000 வரை போங்கள், அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசியில் சிப்பியில்தான் தெரியும். சூடு ஏற விடாதீர்கள், எபாக்ஸி இளகும். கடைசியில் துணியில் மெட்டல் பாலிஷ் ஒரு துளி வைத்துச் சிப்பியை மட்டும் தேய்த்தால் நிறம் திடீரென்று திறந்துகொள்ளும். இரண்டு நாள் சாம்பல் நிறமாகக் கிடந்த துண்டு நீலமாக முழிக்கிற அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன்.

இதழில் நரம்புக் கோடு வேண்டுமென்றால் கூரான உளியால் கீறிக் கறுப்பு மையோ அரக்கோ நிரப்பித் துடைத்துவிடலாம். வீணைக் குடம் மாதிரி வளைந்த இடத்தில் கேட்டால் கனமான தகடு ஒத்துவராது, மெல்லிய சிப்பி ஏடுகளை ஒட்டிச் செய்த, வளையக்கூடிய ஷீட் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு பதிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வரும். சீனத்து குச்சின் என்ற நரம்பிசைக் கருவியில் 13 சிப்பிப் புள்ளிகள் மட்டும்தான், விரல் எங்கே வைப்பது என்று காட்ட. மறுபக்கம், ஜப்பானின் நாரா நகரத்துக் கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டின் பிவா என்ற ஐந்து தந்தி வாத்தியம் ஒன்று உடம்பு முழுக்கச் சிப்பிப் பூவோடு இருக்கிறது. அமெரிக்க மார்ட்டின் கிதார் கம்பெனி 1904-ல் தொடங்கிய 'ஸ்டைல் 45' வகைக் கிதார்களில் ஓரமெல்லாம் அபலோன் ஓடும். இரண்டு பக்கமும் அழகுதான், செய்கிற கைக்குத் தகுந்தது. ஆனால் புதிதாகச் செய்பவர் கிதார் முழுக்கப் பதித்தால் கல்யாண மண்டபத்துச் சீரியல் லைட் போல ஆகிவிடும் என்பது என் அபிப்பிராயம். மேல்பலகையில், பிரிட்ஜை (தந்திகளைக் கட்டுகிற கட்டை) சுற்றி, எதுவும் பதிக்காதீர்கள், சத்தம் பிறக்கிற இடம் அது.

முடித்த கிதாரை ஒரு வருஷத்துக்கு மாதம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தடவிப் பாருங்கள். இதழின் ஓரம் நகத்தில் தட்டினால் உடனே தேய்க்கப் போகாதீர்கள், அது மழைக்காலம் என்றால் பிப்ரவரி வரை பொறுங்கள், தானாகவே இறங்கிவிடலாம். வெயில் காலத்திலும் தட்டுகிறதென்றால் தண்ணீர் மாதிரி ஓடுகிற சூப்பர் க்ளூவை ஊசி நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஓரத்தில் வைத்தால் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், மேலே பாலிதீனும் கட்டையும் வைத்து ஒரு இரவு கிளாம்ப் போட்டுவிடுங்கள்.